கோடைக்கு நின்றவள்

இரணைமடுக் குளத்தின் கீழே குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு துண்டு நிலம். வாய்க்கால் ஓரமாக ஒரு வயற்காணி. அதிலிருந்து சற்று மேலே, வீடு கட்டி மரம் நட என்று ஒரு மேட்டுக்காணி. வயலைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. குளத்தில் தண்ணீர் இருந்தால் நெல் விளையும், இல்லாவிட்டால் விளையாது. அதில் நான் செய்வதற்கு அதிகம் இல்லை. என் சீவன் போனது அந்த மேட்டுக்காணியில்தான்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய பத்துப் பதினைந்து குடும்பங்கள் எங்கள் வாய்க்கால் கரையில் இருந்தோம். இருந்தோம் என்று சொல்வதே பாதிப் பொய். மாரி பிறக்க வருவார்கள். விதைப்பார்கள், வெட்டுவார்கள், சூடு அடித்து நெல்லை மூட்டையாகக் கட்டுவார்கள். சித்திரை வருசம் பிறந்த கையோடு கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். கோடை விதைப்பான சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கிற வருசமென்றால் கொஞ்சப் பேர் நிற்பார்கள். திறக்காத வருசத்தில் வாய்க்காலோடு சேர்ந்து சனமும் வற்றிவிடும். வீடு, கோயில், கலியாணம், செத்தவீடு எல்லாம் அவர்களுக்கு ஊரில்தான். வன்னிக்கு வருவதை "காட்டுக்குப் போட்டு வாறம்" என்று சொல்லுவார்கள், ஏதோ கடைக்குப் போய் வருகிற மாதிரி.

எனக்குத் திரும்பிப் போக ஊரில் வீடு இல்லை. கலியாணம் முடித்து நாலு வருசம் இவருடைய தமையன் வீட்டில், ஒரு பக்க அறையில் இருந்தேன். தமையனின் மனைவி கெட்டவள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவளுடைய குசினியில் நான் உப்புச் சாடியை எடுத்தால், எடுத்த இடத்தில் வைத்தேனா என்று பார்க்க ஒருமுறை உள்ளே வந்து போவாள். எனக்குப் பிள்ளையும் இல்லை. கூட்டுக்குடும்பத்தில் பிள்ளை இல்லாதவள் எல்லாருடைய பிள்ளைக்கும் ஆயா. காணி கிடைத்தபோது இவர் இரண்டு கிழமை யோசித்தார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. காடோ மேடோ, என் உப்பை நான் நினைத்த இடத்தில் வைக்கலாம்.

தோட்டக்காரன் மகள் என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது. அந்தப் பெருமையால்தான் முதல் வருசம் எல்லாவற்றையும் நாசமாக்கினேன். வந்த மாரியில் ஊரில் செய்வதுபோல வரம்பு கட்டிப் பாத்தி போட்டுக் கத்தரி நட்டேன். ஊரில் கிணற்றுத் தண்ணீர் ஓடாமல் நிற்பதற்குத்தான் வரம்பு. இங்கே வானமே கொட்டியது. தண்ணீர் போக வழியில்லாமல் நின்று, கத்தரி வேரோடு அழுகி நாறியது.

கோடைக்கு மரக்கன்றுகளை நட்டேன். அதற்கும் ஊர் வழக்கம்தான். எங்கள் பக்கத்தில் பூவரசங்குழை, வேப்பங்குழை என்று பச்சைக் குழையை வெட்டி, கன்றுக்கு வெட்டிய கிடங்கில் தாழ்த்தி, மண்ணால் மூடுவோம். மேலே தண்ணீர் பாயப் பாயக் குழை உக்கி எருவாகும். மேட்டுக்காணியில் தண்ணீர் பாயவில்லை, ஆகவே குழை உக்கவில்லை. காய்ந்த குழைக்குக் கறையான் வந்தது. குழையைத் தின்று முடித்ததும் வேருக்குப் போனது. ஒருநாள் ஒட்டுமாங்கன்று வாடி நிற்கிறதே என்று பிடித்து ஆட்டினேன். கையோடு வந்துவிட்டது. கீழே வேர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

"கறையானுக்குப் பந்தி வைச்சிருக்கிறீர்" என்று இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கன்றை ஊரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான்.

அடுத்த மாரி பொய்த்தது. வயல் அரைகுறையாக விளைந்தது. குளத்தில் தண்ணீர் குறைவு, சிறுபோகம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சனம் மூட்டை கட்டத் தொடங்கியது. ஆனையிறவு உப்பளத்தில் கோடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இவர் அங்கே போக முடிவு செய்தார்.

"நீர் அண்ணை வீட்டை போய் நில்லும். ஐப்பசியிலை வந்து கூட்டியாறன்" என்றார்.

"நான் இஞ்சை நிக்கிறன். கன்றுகள் கிடக்கு."

"தனியவோ?"

"தனியத்தான்."

என்னைப் பார்த்தார். காணியைப் பார்த்தார். திரும்ப நட்ட கறுத்தக்கொழும்பான் மாங்கன்று ஒன்று, இரண்டு தென்னம்பிள்ளை, ஒரு தேசி எலுமிச்சை, கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கைத் தடி. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

"சரி, நில்லும். ஆனால் இப்பவே சொல்லுறன். இந்தக் கோடைக்கும் எல்லாம் கருகிச்செண்டால் காணியைக் குத்தகைக்குக் குடுத்திட்டு அண்ணை வீட்டோடையே இருப்பம். என்னாலை இந்த இழுபறி ஏலாது."

அதில் கோபம் இல்லை. களைத்த மனிதனின் கதை அது. கன்றுகள் பட்டால் நான் அந்தப் பக்க அறைக்குத் திரும்ப வேண்டும். தழைத்தால் இவரும் நானும் எங்கள் வீட்டில் எங்கள்பாட்டில் இருக்கலாம். ஒரு கோடையைக் கடித்துப் பிடித்தால் போதும் என்று நினைத்தேன்.

வைகாசியில் சோளகக்காற்று தொடங்கியது. ஊரில் அதே காற்றுத்தான், ஆனால் அங்கே காணிக்குக் காணி கிடுகு வேலி, பனைமட்டை வேலி. வடலியும் பனையும் வேறு. காற்று நாலு இடத்தில் முட்டி, களைத்துத்தான் நம்மிடம் வரும். இங்கே காட்டை வெட்டி வெளியாக்கிவிட்டு நாங்களே நடுவில் போய் நின்றிருந்தோம். காலையில் பத்து மணிக்குப் பிடித்தால் பொழுது படும்வரை இரையும். கழுவிப் போட்ட சீலை நான் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். சீலைக்கு நல்லதுதான். மாந்தளிர் அப்படிக் காய்ந்தால் என்ன செய்வது?

சத்தமில்லாமல் இருந்தால்கூடத் தனிமை இவ்வளவு இருந்திராது. காற்றின் இரைச்சலில் யாரோ கூப்பிடுவது போல இருக்கும். "ஓம், ஆர்?" என்று வெளியே வருவேன். பூட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும். முதல் ஒரு மாதம் நான் இப்படி வெளியே வந்த தடவைகளுக்கு அளவில்லை.

இவர் சனிக்கிழமைகளில் சைக்கிளில் வந்தார். சோளகம் தெற்கும் மேற்குமான பக்கத்திலிருந்து அடிப்பது. வடக்கே உப்பளத்துக்குப் போகும்போது காற்று அவரைத் தள்ளிக்கொண்டு போகும். வீட்டுக்கு வரும்போது எதிர்க்காற்று. வந்து இறங்கும்போது கண் சிவந்து, உதடு வெடித்து, முகத்தில் உப்புப் பூத்திருக்கும். பாவமாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மறுநாள் மத்தியானம்தான் எழும்புவார். நான் கிழமை முழுக்கச் சேர்த்து வைத்த கதைகளை அவருடைய முதுகுக்குச் சொல்லுவேன். ஆனி பிறக்க இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆனது. பிறகு அதுவும் நீண்டது. "எதிர்காத்து, சைக்கிள் ஏலாது" என்றார். பஸ் ஓடியது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நானோ விடிய எழும்பிக் காணி முழுவதும் கூட்டினேன். யாழ்ப்பாணத்தில் முற்றம் கூட்டாத வீட்டில் சீதேவி தங்கமாட்டாள் என்பார்கள். எங்கள் அம்மா கன்றடியையும் விடமாட்டா. ஒரு புல், ஒரு சருகு கிடந்தால் வீட்டுக்காரி சோம்பேறி என்று அர்த்தம். ஆகவே மாவடி, தேசியடி, தென்னையடி எல்லாம் புல்லைச் செதுக்கி, சருகைக் கூட்டி அள்ளி, மண் தெரியத் துப்புரவாக வைத்திருந்தேன். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். பின்னேரம் பார்த்தால் மண் ஓடு மாதிரி வெடித்திருக்கும்.

முல்லைத்தீவுப் பக்கமிருந்து கிழமைக்கொருமுறை சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவேன். சனம் போன பிறகும் அவர் வந்ததற்குக் காரணம், அடுத்த வாய்க்காலுக்குப் போகிற குறுக்கு வழி எங்கள் வேலிப் படலையடியால் போனதுதான். ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காணியைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஆரு வரப்போறாங்க எண்டு இப்பிடிக் கூட்டி வச்சிருக்கீங்க?"

"நீங்கள் வந்தனீங்கள்தானே நானா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுக் கருவாட்டை நிறுத்துக் கொடுத்துப் போனார். எனக்குச் சுருக்கென்றது. உண்மையில் ஆருக்காகக் கூட்டினேன்? தமையனின் மனைவி வந்து பார்ப்பாள் என்றா? அவளுக்கு வன்னி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் மறுநாளும் கூட்டினேன். பிடிவாதம்.

மாங்கன்றின் இலை நுனியில் கருகத் தொடங்கியது. ஒரு தென்னம்பிள்ளை மஞ்சளடித்தது. கிணற்றில் கயிறு நீள நீளப் போனது. அந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்தது.

எத்தனை நாள் கிடந்தேன் என்று சரியாகச் சொல்லமாட்டேன். குசினியில் ஒரு பானை தண்ணீர் இருந்தது, கொத்தமல்லி இருந்தது. எழும்பி அவிக்கப் பலமிருந்தபோது அவித்துக் குடித்தேன். மற்ற நேரம் பாயில் கிடந்து காற்றைக் கேட்டேன். செத்தால் நானா வருகிற நாளில்தான் தெரியவரும் என்று யோசித்தேன், அவரும் படலையடியால் போய்விட்டால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். அழுதேன். அழுகையிலும் ஒரு பக்கம் மாங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவில்லையே என்ற நினைப்புத்தான். இவர் அந்தச் சனிக்கிழமை வரவில்லை. அவருக்குத் தெரியாது, அவரைக் குறை சொல்லி என்ன.

காய்ச்சல் விட்டு வெளியே வந்தபோது காணி குப்பையாகக் கிடந்தது. பக்கத்துக் காணிக்காரர் சூடு அடித்த களத்தில் விட்டுப்போன வைக்கோலைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து எங்கள் காணி முழுவதும் இறைத்திருந்தது. எல்லையில் நின்ற முதிரைமரத்தின் சருகு வேறு. மாவடியில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் தங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. தலைச்சுற்றோடு குந்தி, இரண்டு கையாலும் அள்ளி வீசத் தொடங்கினேன். இரண்டாவது அள்ளலில் விரல் மண்ணில் பட்டது.

மண் குளிர்ந்திருந்தது. ஈரமாகவும் இருந்தது.

இத்தனை நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கூட்டித் துப்புரவாக வைத்திருந்த இடத்தில், காலையில் ஊற்றினால் பின்னேரம் வெடித்த மண் அது. அந்தக் குப்பைக்குக் கீழே ஈரமாக இருந்தது. தேசியடிக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்கிறேன், தவழ்ந்திருப்பேன். அங்கேயும் வைக்கோல் தங்கிய பக்கம் ஈரம், வெறும் பக்கம் ஓடு. மஞ்சளடித்த தென்னம்பிள்ளையின் அடியில் மட்டும் காற்று ஒன்றும் தங்கவிடவில்லை. அது பட்டுப்போயிருந்தது.

அம்மா என்னைத் தோட்டம் செய்யப் பழக்கினா, ஆனால் அவாவுக்கு வற்றாத கிணறும் காற்றுப் புகாத வேலியும் இருந்தன. வைக்கோல் என்றால் மாட்டுக்குப் போடுவது, அல்லது கூரைக்கு வேய்வது. அதைக் கொண்டுபோய் மண்ணில் பரப்புகிறவளைப் பைத்தியம் என்பார்கள் எங்கள் ஊரில். பார்க்கத்தான் ஒருவரும் இல்லையே. அன்று விளக்குமாற்றை வீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

பலம் வந்ததும் பூட்டிய வீடுகளின் களங்களிலிருந்து வைக்கோலைக் கட்டுக் கட்டாகச் சுமந்தேன். ஒவ்வொரு கன்றடியிலும் தண்டில் படாமல் சுற்றிப் பரப்பினேன். தண்டைச் சுற்றி அடுப்புச் சாம்பல் போட்டேன். கறையான் வரத்தான் செய்தது. ஆனால் அதற்குத் தீனி இந்தமுறை மேலே, கன்றைவிட்டுத் தள்ளிக் கிடந்தது. அங்கேயே தின்றுகொண்டு இருந்தது. காற்று வருகிற பக்கத்தில் முளைத்த காட்டுச்செடிகளைச் செதுக்காமல் விட்டேன். நாயுருவியும் ஆவரசும் இடுப்பளவுக்கு எழும்பி நின்றன. அம்மா பார்த்திருந்தால் இரண்டு நாள் என்னோடு கதைத்திருக்கமாட்டா.

வைக்கோலுக்குக் கட்டாக்காலி மாடுகள் வந்தன. அறுவடை முடிந்து அவிழ்த்துவிட்ட மாடுகள், சொந்தக்காரர் எங்கேயோ, அவை எங்கேயோ. வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, வைக்கோலைத் தின்று, போகிற வழியில் வாழையையும் கடித்துவிட்டுப் போகும். காரைமுள்ளும் இலந்தைமுள்ளும் வெட்டி வந்து வைக்கோலின் மேல் போட்டேன். கையெல்லாம் கீறல். ஒரு சிவலை மாடு மட்டும் முள்ளுக்கும் பயப்படவில்லை. அதைத் துரத்துவதற்கு நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்துவேன். சில நாட்களில் என் வாயிலிருந்து வந்த பேச்சு அது மட்டும்தான். அது வராத நாளில் படலையடியில் போய்ப் பார்த்ததும் உண்டு.

ஆடி, ஆவணியில் கிணறு அடி கண்டது. விடியற்காலையில் ஊறியிருப்பதை அள்ளினால் பிறகு பின்னேரம்தான். ஆகவே ஒரு சொட்டையும் வீணாக்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் தேசிக்கு, சட்டி கழுவியது வாழைக்கு. குளிப்பையும் முறை வைத்துக் குளித்தேன். ஒருநாள் மாவடியில், அடுத்தநாள் தென்னையடியில், குறுக்குக்கட்டோடு நின்று தலையில் ஊற்றுவேன். பார்க்க ஆள் இல்லாத ஊரில் எனக்கிருந்த ஒரே வசதி அது. ஊரில் அப்போது கோயில் கொடியேறியிருக்கும். என் வயதுப் பெண்கள் பட்டுச்சீலை உடுத்து வீதியில் நிற்பார்கள். நான் தலையில் வைக்கோல் தூசியோடு மாங்கன்றைப் பார்த்து, "குடி, வடிவாய்க் குடி" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். எனக்கு நானே இரங்கிக்கொண்டதும் உண்டு. மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

புரட்டாதிக் கடைசியில் மாங்கன்று தளிர்விட்டது. கருகிய இலைகளுக்கு மேலே செம்பு நிறத்தில் ஒரு கொத்துத் தளிர். பார்த்ததும் திரும்பி வீட்டுப் பக்கம், "இஞ்சாருங்கோ!" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். வீட்டில் ஆரும் இல்லை என்பது கூப்பிட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஐப்பசி முதல் மழையோடு இவர் வந்தார். அதற்கு முன்பே நான் மாரிக்கு ஆயத்தம் செய்திருந்தேன். வரம்புகளை வெட்டிவிட்டு, கன்றடிகளை மண் அணைத்து மேடாக்கி, தண்ணீர் ஓட வாய்க்கால் இழுத்திருந்தேன். மேட்டில் கத்தரி நாற்று நின்றது. இவர் சைக்கிளைச் சாத்தக்கூட இல்லை, பிடித்தபடியே சுற்றி வந்தார். மாங்கன்றைத் தொட்டுப் பார்த்தார். தேசியில் பூ இருந்தது. முருங்கை கூரையை எட்டியிருந்தது.

"அட" என்றார். பிறகு, "நான் நிண்டிருந்தாலும் இப்பிடி வந்திராது" என்றார்.

அந்த மாரி முழுவதும் நான் சந்தோசமாக இருந்தேன். உண்மையாகவே இருந்தேன். திரும்பி வந்த அயலவரை இவர் ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டினார். தங்கள் கன்றுகள் எல்லாம் கருகிப்போன பெண்கள் வந்து வைக்கோலைத் தூக்கிப் பார்த்தார்கள். இரவு மழை பெய்யும், இவர் பக்கத்தில் படுத்திருப்பார், குத்தகைக் கதையை அவர் எடுக்கவே இல்லை. இனி நாங்கள் இங்கேதான் என்று நானும் கேட்காமலே முடிவுகட்டிவிட்டேன்.

பங்குனியில் சூடு அடித்து முடிந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் சொன்னார், "இஞ்சாரும், உப்பளத்திலை நிரந்தரமாய் நிக்கச் சொல்லிக் கேக்கினம். ஓமெண்டிட்டன்."

நான் கறி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப காணி?"

"காணிக்கு என்ன, நீர் இருக்கிறீர்தானே. விதைப்புக்கும் வெட்டுக்கும் நான் வந்து நிப்பன். தோட்டத்துக்கு நான் என்னத்துக்கு?"

பாராட்டாகத்தான் சொன்னார். அவருடைய முகத்தில் என்னைப் பற்றிய பெருமை தெரிந்தது. அதுவரை ஒருவரும் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்ததில்லை. அதனால் என்னால் சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

சித்திரை வருசம் பிறந்தது. சனத்தையும் மூட்டைகளையும் ஏற்ற லொறி வந்து நின்றது. முந்திய வருசங்களில் போகிறவர்கள், இடையில் ஒருக்கா வந்து கிணற்றையும் காணியையும் பார்க்கவேண்டும் என்று வாயளவிலாவது சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த வருசம் அதற்குத் தேவையிருக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் படலையடிக்கு வந்து பூட்டிய வீட்டுத் திறப்பைத் தந்தார்கள்.

"நீங்கள் நிக்கிறீங்கள்தானே அக்கா. எங்கடை மாவுக்கும் ஒரு வாளி ஊத்திவிடுங்கோ."

"எங்கடை தென்னம்பிள்ளைக்கும். வைக்கல் போட்டுத்தான் இருக்கு, நீங்கள் சொன்னமாதிரி."

இவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நின்றார். "அது இவவுக்குப் பெரிய காரியமில்லை" என்று எனக்காக அவரே மறுமொழி சொன்னார். "தனிய இருந்து பழகிட்டா."

எனக்குப் பழகவில்லை. அன்றும் பழகவில்லை, அதற்குப் பிறகு வந்த அத்தனை கோடைகளிலும் பழகவில்லை. அந்த ஒரு கோடையை நான் தாங்கியது, இனித் தனியே இருக்கவேண்டி வராது என்ற நினைப்பில்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். லொறியில் ஏறியிருந்தவர்களும் இன்னும் ஏறாமல் நின்றவர்களும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நல்ல மனதோடுதான்.

"ஓம், ஊத்திறன்" என்றேன்.